தகரம் அடித்த வீட்டில் அழுகை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்தவும் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கொரோனா வந்த முதல் வருடம், எனக்கு எட்டு மாதம். பஸ் ஓடாததால் இரண்டு தடவை செக்கப் போக முடியவில்லை. வீட்டுக்காரர் லாரியோடு மகாராஷ்டிராவில் மாட்டிக்கொண்டார், திருச்சுழியிலிருந்து அம்மாவாலும் வர முடியவில்லை. ஒருநாள் காலையில் வயிற்றில் அசைவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து எனக்குத் தொற்று என்றார்கள், பிறகுதான் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். ஆண் பிள்ளை. துணியில் சுற்றி எடுத்துப் போகும்போது ஒரு பாதம் மட்டும் பார்த்தேன். அடக்கமும் அவர்களே செய்துவிட்டார்கள்.

பாளையம்பட்டி வீட்டில் கொண்டுவந்து விட்டு, வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். பதினான்கு நாள். வண்டி வந்தபோது தெருவே கதவைச் சாத்திக்கொண்டது, அதனால் பிள்ளை இல்லாமல் வந்தது யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு கதீஜா அக்கா மட்டும் தினமும் தூக்குவாளியில் கஞ்சி வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அங்கிருந்தே கேட்டார்.

"ஏம்மா, புள்ளைக்குப் பாலு பத்தலையா? இப்படி அழுகுதே."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அந்தத் தெருவில் அப்போது கைக்குழந்தையே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதற்கப்புறம் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நின்று காது கொடுத்தேன். தறிகள் நின்றுபோய் ஊரே அமைதியாக இருந்தது. பயமில்லை, ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

தகரத்தைப் பிரித்த அன்று அக்கா ஒரு சின்னச் சட்டையோடு வந்து தொட்டிலைத் தேடினார். சொன்னேன். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மட்டுமில்லம்மா. எங்க வீட்டுல அவுகளும் கேட்டாக. லுஹர் பாங்கு முடியவும் ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். நீ அமத்திட்டேன்னு நெனச்சோம்."

மத்தியானம் அந்த நேரத்தில்தான், பதினான்கு நாளும், எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒரு மகள் இருக்கிறாள், பால்வாடி போகிறாள், பால்குடி மறந்து எவ்வளவோ நாளாயிற்று. ஆனால் மத்தியானப் பாங்கு முடிந்தால் இன்றைக்கும் மார்பு கனத்து இரண்டு சொட்டு கசிகிறது. கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். எனக்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை.