ஆட்டுக்கும் ஒரு நெற்றி

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது பிலோமினா டீச்சர் வாசலில் வந்து நின்றார். நம் பி.டி. சார் ரங்கநாதன் சில நாட்களாகப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தார். அவர் போய்விட்டார் என்று புரிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

மைதானத்தில் அவர் ஊதும் விசில் பாகூர் ஏரிக்கரை வரை கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மடுகரையில் அதே விசிலுக்கு அவர் வீட்டுப் பசு லட்சுமியும் ஓடி வரும். அதைச் சிலரே பார்த்திருப்பீர்கள்.

அவர் கறியை விட்டது லட்சுமியால்தான். ஒரு மாட்டுப் பொங்கலன்று அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். மறுநாள் கரிநாள். அன்று கறி எடுக்காத வீடு நம் பக்கம் ஏது? அவர் மனைவி சரோஜா அக்கா கறிக்குழம்பை ஊற்றியதும் சாரின் கை இலைக்கு மேலேயே நின்றுவிட்டதாம். விரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"மாட்டுக்குப் பொட்டு வெச்ச கை, டீச்சர். ஆட்டுக்கும் ஒரு நெத்தி இருக்குதே" என்றார் என்னிடம். அதற்கு மேல் தத்துவம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரியாங்குப்பம் போய்ப் பேரம் பேசி மனைவிக்கு மீன் வாங்கி வந்தவரும் அவர்தான்.

ஒருமுறை கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பிலோமினா டீச்சர் ஆசிரியர் அறைக்கு மாட்டுக்கறி வறுவல் கொண்டுவந்திருந்தார். சார் உள்ளே வருவதைப் பார்த்ததும் படக்கென்று டப்பாவை மூடினார். சாரின் முகமும் ஒரு கணம் மாறத்தான் செய்தது. பிறகு தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூடாதீங்க டீச்சர். என் வெரதம் என் வாயோட சரி. உங்க டிபன் பாக்ஸு வரிக்கும் வராது."

"லட்சுமி கோச்சுக்கப் போறா சார்."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சாப்புடுங்க."

எட்டாம் நாள் துக்கத்துக்குப் போயிருந்தோம். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் ஆக்கிப் படைக்கும் நாள். கறி, மீன் இல்லாமல் அந்த இலை நிறைந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாரின் தம்பி வறுத்த மீன் தட்டோடு வந்தார்.

"அண்ணனுக்கு வஞ்சிரம்னா உசுரு, அண்ணி. வெக்கலன்னா அது ஏங்கும்."

உயிரோடு இருந்த வரைக்கும் காத்த விரதத்தை, வாய் திறக்க முடியாத நாளில் இழந்துவிடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. சரோஜா அக்கா தட்டை மறித்தார்.

"இத்தினி வருசமா பக்கத்துல உக்காந்து வாசன புடிச்சாரே, ஒரு துண்டு கேட்டாரா? இப்ப வேணான்னு சொல்ல ஆளில்லன்னு ஊட்டி வுடுறியா?"

"அப்ப இவ்ளோ மீனும் இன்னா பண்றது?"

"நீ துன்னுடா. அவுரு இருந்தா உனக்குத்தான் மொதல்ல வெக்கச் சொல்லுவாரு. உக்காரு."

அழுதுகொண்டே உட்கார்ந்தவர், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாரின் இலையில் கத்திரிக்காய்க் குழம்பும் வடையும் பாயசமும் இருந்தன. காக்கைக்கு எடுத்தது போக, மீதி இலையோடு லட்சுமிக்குப் போயிற்று.

நான் சைவமாகிவிடவில்லை. ஆனால் கறிக்கடையில் நிற்கும்போது அந்த நெற்றி நினைவுக்கு வருகிறது. சில நாள் வாங்குகிறேன், சில நாள் வெறுங்கையோடு திரும்புகிறேன். ஆசிரியர் அறையில் அவர் நாற்காலி பிலோமினா டீச்சர் பக்கத்திலேயே இருக்கிறது. மதியத்தில் இப்போது நான் அதில் உட்காருகிறேன். அங்கே யாரும் டப்பாவை மூடுவதில்லை.