விளையாட்டுக் கிதார் விற்ற நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பு வாசலில் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரின் தள்ளுவண்டி நின்றது. பழைய பேப்பர் கட்டைக் கொடுக்கப் போனவன் வண்டியில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உடைந்த கூலருக்கும் ஒரு மிக்ஸிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கிதார். கம்பி கிடையாது. கழுத்தில் ஐந்து வண்ணப் பொத்தான்கள் மட்டும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் கம்பெனியின் ஓக்லா கோடவுன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே ஸ்டீபனும்.

இது என்ன சாமான் என்று நீங்கள் கேட்கலாம். டிவியில் பாட்டு ஓடும். வண்ணப் புள்ளிகள் மேலிருந்து இறங்கி வரும். கோட்டைத் தொடும் நேரத்தில் அதே வண்ணப் பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பாட்டு தொடரும், தப்பினால் திரைக்குள் இருக்கும் கூட்டம் கூச்சல் போடும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்த இந்த விளையாட்டை தில்லியில் விற்ற அலுவலகத்தில் நான் அப்போது விற்பனை அதிகாரி. எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் நிற்காது. பள்ளியில் தேசிய கீதம் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்டவனிடம்தான் இசை விளையாட்டைக் கொடுத்தார்கள்.

வாசித்துக் காட்ட ஆள் தேடியபோது கிடைத்தவன் ஸ்டீபன். தூத்துக்குடிக்காரன். ஒரு பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தான், ஞாயிறு காலையில் சர்ச்சில் கிதார் வாசிப்பான். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். முதல் நாள் மாலில் அந்தப் பொம்மையைக் கையில் வாங்கியவன் தடுமாறிப் போனான். "என்னண்ணே இது, விரலு பாட்டுக்கு எங்கயோ போவுது" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். ஒரே வாரம்தான். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலங்களில் அவனைச் சுற்றி நிற்க இடமிருக்காது. வாசித்து முடித்ததும் பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துப் போவார்கள்.

அந்த விளையாட்டு அப்படி ஓடியது. ஓடுவதைப் பார்த்த தலைமை அலுவலகத்துக்கு ஆசை கூடிவிட்டது. மழைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று அனுப்ப ஆரம்பித்தார்கள். டிரம்ஸோடு ஒன்று, மைக்கோடு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஒன்று. ஒரே ஒரு இசைக்குழுவின் பாட்டுகளை மட்டும் வைத்துக்கூட ஒன்று வந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஆள் உயரம். ஓக்லா கோடவுனில் முதலில் சுவரோரம் நின்ற பெட்டிகள் பிறகு நடைபாதைக்கு வந்தன. ஒரு நாள் போனபோது ஜன்னல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பகலிலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அதே வாரம் கடையில் ஒரு அம்மாள் புதுப்பெட்டியைச் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "பையா, பஹ்லே வாலா பெட்பாக்ஸ் மே படா ஹை" என்றார். முன்பு வாங்கினதே பெட்டிக் கட்டிலுக்குள் கிடக்கிறதாம். ரஜாய்ப் போர்வைகளோடு உள்ளே போன சாமான் எந்த வீட்டிலும் சீக்கிரம் வெளியே வராது. எனக்கு அது தெரியும். இருந்தும், "இதில் புது டிரம்ஸ் இருக்கிறது மேடம்" என்றேன்.

அப்போதுதான் எங்கள் மேலாளர் குப்தா, "ஃபுல் டைம் ஆத்மி சாஹியே, ஜல்தி" என்றார். முழு நேர ஆள் உடனே வேண்டுமாம், இன்னும் ஆறு விளையாட்டுகள் வருகின்றனவாம். நான் நேராக ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன். பள்ளி வேலையை விட்டுவிடு என்றேன். அவன் யோசித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். மெர்சி அதிகம் பேசமாட்டாள். அன்று கேட்டாள்.

"ஒண்ணையே திரும்பத் திரும்ப வித்தா சனத்துக்குச் சலிச்சுப் போவாதா அண்ணே? இது எத்தன நாளைக்கு ஓடும்?"

"இன்னும் பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாதும்மா" என்றேன்.

கோடவுனைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குப்தாவிடம் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. ஸ்டீபன் அந்த மாதமே ராஜினாமா செய்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மாலில் பெரிய மேடை போட்டோம். ஸ்டீபன் ஏறி வாசிக்க ஆரம்பித்தான். ஜனங்கள் பைகளோடு கடந்து போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் நிற்கவில்லை. ஒரு செக்யூரிட்டி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது டியூட்டி. முதல் தடவையாக ஸ்டீபனின் விரல் தப்பியது. திரைக்குள்ளிருந்த கூட்டம் கூச்சல் போட்டது. அந்த இடத்தில் கேட்ட கூட்டச் சத்தம் அது ஒன்றுதான்.

இறங்கி வந்தவன், "அண்ணே, சரியாத்தான போயிட்டிருக்கு?" என்று கேட்டான். கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்திருந்த விஷயம் எனக்குத் தீபாவளியிலிருந்தே தெரியும்.

"குளிருப்பா, அதான் கூட்டமில்ல" என்றேன்.

பிப்ரவரியில் ஒரு காலை மெயில் வந்தது. இசை விளையாட்டுப் பிரிவையே மூடிவிட்டார்கள். நாலே வரி. ஸ்டீபனிடம் சொல்லும் வேலையை குப்தா எனக்குக் கொடுத்தார். அவன் கோடவுனில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கடைகளுக்குப் போகும் கிதார்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான்."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சுற்றிலும் கூரை வரை நின்ற பெட்டிகளைப் பார்த்தான். மாதக்கணக்காக அவற்றின் நடுவே வேலை பார்த்தவன். கிதார்களிலிருந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தான். "உள்ளயே கெடந்தா கசிஞ்சிரும்" என்றான். நான் உதவிக்குக் கையை நீட்டினேன். அவன் கிதாரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

பள்ளியில் அவன் இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார். இரண்டு மாதம் அலைந்து பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மெர்சி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை. கீழே இருந்த பையை நான் எடுக்கக் குனிந்தேன்.

"விடுங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றான் ஸ்டீபன்.

அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். மாலில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கோடவுனை ஒரு கூரியர் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டின் பெயர் என் மகனுக்கே தெரியவில்லை. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிறு மதியம் சர்ச் முடிந்து, பெல் அடிக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நேராக ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர்கள் இப்போது யாரும் வருவதில்லை.