சிவப்பு மண்ணில் ஐந்து கிழமை

வாழ்க்கையில் நீ மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் பொய்தான் சொல்வேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், ஒரு பழைய வான் வண்டிக்குள் நானும் கணவரும் படுத்தெழும்பிய காலம் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஓக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்திருந்ததால் ஆஸ்திரேலியாவுக்குப் போக விசா எடுத்து அலையத் தேவையில்லை. "மனுசரே இல்லாத இடமொண்டைப் பார்க்கவேணும்," என்றார். ஷெல்லடிக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு அது விசர்க்கதையாகப் படவில்லை. வீட்டை ஒப்படைத்தோம். ரெலிபோனையும் வெட்டச் சொன்னோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்த ஐயாவுக்கு அந்த நம்பரை நான்தான் எழுதி அனுப்பியிருந்தேன். அங்கே அப்போது போன் கிடையாது. கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். "எப்பவாவது வவுனியாவுக்கு வந்து சேர்ந்தால் இந்த நம்பருக்கு எடுங்கோ," என்று எழுதியிருந்தேன். ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். பாடமாக்கிவிட்டேன் என்று பதில் போட்டிருந்தார்.

வீட்டை விட்டதை மட்டும் அவருக்கு நான் எழுதவில்லை. வெளிநாட்டுக்குப் போன மகள் வீடு வாசல் இல்லாமல் றோட்டுக்கரையில் படுக்கிறாள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்தால் போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சில மாதம்தானே, திரும்பி வந்து புது நம்பரை எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

அடிலெய்டில் வானை வாங்கி வடக்கே விட்டோம். ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அரைநாள் ஓட்டம். மண்றோட்டு தகரக் கூரை போல நெளிந்து கிடந்தது. சோற்றுப் பானைக்குள்ளும் காதுக்குள்ளும் சிவப்புத் தூசி. முகம் கழுவிய தண்ணீரிலேயே காலையும் கழுவினோம். வழி நெடுக வயிறு ஊதிச் செத்துக் கிடந்த கங்காருக்களைக் கழுகுகள் கொத்திக்கொண்டிருந்தன. இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. மேலே சத்தம் கேட்டால் பதுங்கத் தேவையில்லை என்பது என் உடம்புக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது. விளங்கிய பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

மூன்றாம் மாதம், ஒரு பெற்றோல் நிலைய மேசையில் ஐந்து நாள் பழைய பேப்பர் கிடந்தது. உள்பக்கத்தில் ஆறு வரி. யாழ்ப்பாணத்துச் சனம் அத்தனையும் ஊரை விட்டு வெளிக்கிட்டுவிட்டது என்று போட்டிருந்தார்கள். காசு போடும் போனிலிருந்து ஓக்லாந்துக்கு எடுத்தேன். ஓக்லாந்தின் மாசி என்ற புறநகரில் இருந்த, எங்கள் கோயிலுக்கு வரும் தம்பி ஒருவர்தான் பேசினார். "ஒருத்தரிட்டையும் தகவல் இல்லை அக்கா. எல்லாரும் நடந்து வன்னிக்குப் போயினமாம்."

உடனே திரும்புவோம் என்று கணவருடன் சண்டை பிடித்தேன்.

"இப்ப ஓடிப்போய் என்னத்தைச் செய்யப்போறீர்? அங்க போனாலும் காத்துக்கொண்டுதான் இருக்கவேணும். இன்னும் அஞ்சு கிழமை, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். பிறகு போவம்."

பழியை அவர் தலையில் போட எத்தனையோ வருடம் முயன்று பார்த்தேன். முடியவில்லை. சரி என்று சொன்னது என் வாய்தான். அந்தப் பக்கம் மழை பெய்திருந்தது. இன்னும் உள்ளே போனால் வெறும் மண்ணில் பூ விரிந்திருக்கும் என்றார்கள். எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. ஐயாவிடம் இருப்பது அந்த ஒரு நம்பர்தான் என்பதும் மறக்கவில்லை. காடு தாண்டி வவுனியா வர அவருக்கு மாதக்கணக்காகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பூவைப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

ஓக்லாந்துக்கு வந்து இறங்கியபோது கடைகளில் கிறிஸ்மஸ் சோடனை. மாசித் தம்பி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து சித்தப்பா, யாரிடமோ விசாரித்து எடுத்த தம்பியின் விலாசத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். ஐயா வவுனியாவுக்கு வந்துதான் சேர்ந்திருக்கிறார். சனங்களை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை காய்ச்சலாய்க் கிடந்து செத்துப்போனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மறுநாள் எங்கள் கடிதங்களைக் கேட்டு மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுக்குப் போனேன். குடிவந்திருந்த சமோவாப் பெண் கதவைத் திறந்தாள். ரப்பர் போட்டுக் கட்டிவைத்திருந்த கடிதங்களைத் தந்துவிட்டு, ஒரு நிமிடம் நிற்கச் சொன்னாள். போன் இணைப்பு எடுத்தபோது எங்கள் பழைய நம்பரே அவளுக்குக் கிடைத்ததாம்.

"ஒரு வயதானவர் தூர தேசத்திலிருந்து மூன்று தரம் எடுத்தார். நல்ல இங்கிலிஷ். உங்கள் பெயரைத்தான் கேட்டார். முதல் இரண்டு தரமும் அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். மூன்றாம் தரம், என் மகள் உயிரோடு இருக்கிறாளா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எனக்குத் தெரியாது என்றேன்."