ஐஸ் வந்த வீடு

போன வாரம் எங்கள் வீட்டு ஏசி செத்துப்போனது. அக்னி நட்சத்திரத்தின் நட்டநடுவில்.

சும்மா போகவில்லை. பாரம் ஏற்றிய லாரி மேடு ஏறுவது போல ஒரு முனகல், டக்கென்று ஓர் அடி, அப்புறம் லேசாகக் கருகல் வாசனை... அவ்வளவுதான். ராயபுரத்தில் இந்த மாதத்தில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

வேறு சமயமாக இருந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் என் மனைவி வனஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வலது கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி. டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான் — கண்ணில் தண்ணீர் படக் கூடாது, வியர்வையும் இறங்கக் கூடாது, உள்ளே போய்ச் சீழ் பிடித்தால் பார்வைக்கே ஆபத்து.

நான் தெம்பாகச் சொன்னேன்: "கவலையே வேண்டாம் டாக்டர், வீட்டில் ஏசி இருக்கிறது."

இப்போது வனஜாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. நான் கையில் துண்டோடு கட்டில் பக்கத்தில் கோல்கீப்பர் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். எத்தனை நேரம் நிற்க முடியும்?

மெக்கானிக் பாஷா ஓர் ஆளோடு வந்தார். ஏசியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கம்ப்ரஸர் பூட்ச்சி சார்."

"சரி பண்ணிடலாமா?"

"பண்லாம். ஒரு வாரம் ஆவும்."

"ஒரு வாரமா? கண் ஆபரேஷன் ஆன பேஷண்ட் இருக்காங்கப்பா."

"எல்லா வூட்லயும் யாராச்சும் கீறாங்க சார். சீசன்ல ஒரே பேஜாரு. கடையில நான் நிக்க எடமில்ல, அத்தினி மிஷின் வந்து குந்திகினு கீது."

ஜன்னலிலிருந்து மிஷினைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலில் ஒரு பெரிய சதுர ஓட்டை. நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒரு பிளைவுட் பலகையைத் தேடி எடுத்து, அந்த ஓட்டையை மூடி, சுற்றிலும் ஆணி அடித்தேன். காசிமேட்டு மீன் வாசனை உள்ளே வந்துவிடக் கூடாதே.

வீட்டில் ஏசி கெட்டுப்போனால் ஊரில் இருக்கிற எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடுகிறார்கள். டெல்லியிலிருந்து மகன் போன் செய்தான். ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டுங்கள், வாடகைக்கு ஏர் கூலர் எடுங்கள், இங்கே எல்லோரும் அதுதான் செய்கிறார்கள் என்றான். டெல்லிக்காரனுக்கு என்ன? அங்கே காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும், ஈரம் பட்டால் குளிரும். ராயபுரத்துக் காற்றோ ஏற்கெனவே குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வருகிறது.

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை காயாது என்று கரும்பலகையில் வருஷா வருஷம் எழுதிப் போட்டவன். ஆனாலும் கூலர் எடுத்தேன். மகன் சொன்னால் பாடப் புத்தகம் மறந்துவிடுகிறது.

பலன்? ஹால் இட்லிப் பானை ஆயிற்று. காலண்டர் தாள் சுருண்டது. தீப்பெட்டி நமுத்துப்போனது. துண்டு மாற்றித் துண்டு நனைந்தது.

"ஏங்க, என்னைக் குளிர வைக்கிறீங்களா, வேக வைக்கிறீங்களா?" என்றாள் வனஜா.

கூலரைத் திருப்பி அனுப்பினேன். அடுத்து மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் 'உஸ்' என்றதோடு சரி. அப்போதுதான் எனக்கே எனக்கென்று ஒரு யோசனை உதித்தது. காசிமேட்டில் ஐஸ் பாக்டரிக்குப் பஞ்சமா? முழு ஐஸ் பார் இரண்டை வாங்கித் தொட்டியில் நிறுத்தி, பின்னால் டேபிள் ஃபேனை வைத்தால்?

மறுநாள் காலை ஐஸ் வந்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில், கோணி போர்த்திக்கொண்டு, தெரு முழுக்கச் சொட்டிக்கொண்டு.

வண்டிக்காரர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வனஜா டாக்டர் சொன்னபடி மல்லாந்து, கண்ணை மூடி, அசையாமல் படுத்திருந்தாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க சார் எறக்கட்டும்? தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?" குரல் மிகவும் தணிந்திருந்தது.

"கால் பக்கம் வையுங்க. ஃபேன் அங்கேதான் இருக்கு."

வைத்தார். போகும்போது நின்று ஒருமுறை அவளைப் பார்த்தார். "நல்லா வாழ்ந்த மொகம் சார்," என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. "ஆமாம்பா, நாற்பது வருஷம்," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதையான வண்டிக்காரரா என்று வியந்தேன். படித்த முட்டாளுக்கு வேறு என்ன தோன்றும்?

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஐஸ் பார் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும் வரை உடலை வைத்திருக்க வேண்டுமே, அதற்கு. என் மகன் டெல்லியில் இருப்பதும் வனஜாவுக்கு ஆபரேஷன் ஆனதும் தெருவுக்கே தெரியும். இது ஏன் எனக்கு மட்டும் தோன்றவில்லை?

ஃபேனை இன்னும் போடக்கூட இல்லை. தடதடவென்று ஓடி வந்தாள் பக்கத்து வீட்டுப் பிலோமினா. தலைமுடி அவிழ்ந்து, கையில் கரண்டியோடு. "எக்கா... போய்ட்டியாக்கா" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னாலேயே அவள் கணவர் லாரன்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருப்பார் போல, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டார்.

"சார், மனச வுட்றாதீங்க. நாங்க கீறோம். சாமியானா, சேரு எல்லாம் நான் பாத்துக்கறேன். தம்பிக்குப் போன் போட்டாச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வனஜா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"யாரு, பிலோமினாவா? எவ்வளவு நாளாச்சு உன் குரல் கேட்டு."

அழுகை பாதியில் நின்றது. பிலோமினா கட்டிலைப் பார்த்தாள். ஐஸைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

"எக்கா... நீ கீறியா?"

"இருக்கேன். இவர் இன்னும் ஒரு யோசனை பண்ணினா நிச்சயமில்ல."

லாரன்ஸ் மெதுவாக என் கையை விட்டார். "அப்ப ஐஸு?"

"ஏசி ரிப்பேர்," என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த இருவரோடும் நான் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் அதே ஏசிதான்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அவர்கள் வீடு. இரண்டு சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. எங்கள் ஜன்னலும் அவர்கள் ஜன்னலும் நேருக்கு நேர். வனஜாவும் பிலோமினாவும் அதில் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்வார்கள். ஏசி வாங்கியதும் அந்த ஜன்னலில்தான் மாட்டினேன். ஜன்னல் ஏசி முன்னால் குளிரை ஊதும், பின்னால் அனலை ஊதும். ஏசி சூட்டை ஒழிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிடுகிறது.

அப்போது பிலோமினா வந்து தன்மையாகத்தான் கேட்டாள். "சார், அவுரு நைட்டு ஷிப்ட்டு. பவல்லதான் தூங்கணும். உங்க மிஷின் அனலு அவுரு மூஞ்சிலியே அடிக்குது. வேற பக்கமா மாத்திக்கினா புண்ணியமாப் போவும்."

நான் என்ன சொன்னேன்? "என் சுவர், என் ஜன்னல். ஊரெல்லாம் முழிச்சிருக்கிற நேரத்தில் தூங்குறவருக்காக நான் வேர்த்துக்கிட்டு உட்கார முடியுமா?"

இதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

அந்தப் பிலோமினா இப்போது முந்தானையால் வனஜாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சார், படிச்சவருதான நீங்க? அடுப்புல கொழம்ப வுட்டுட்டு ஓடியாறேன், ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. இது இன்னா, வூடா, ஒலப் பானையா? அந்தாண்ட பலக அடிச்சி வெச்சிகீறீங்களே, எதுக்கு?"

"மீன் வாசனை..."

"மீன் வாசனைக்குக் கண்ணு பூடாது சார். வேர்வைக்குப் பூடும். யோவ், அத்தப் புடுங்குய்யா."

லாரன்ஸ் என் சுத்தியலாலேயே ஆணிகளைப் பிடுங்கினார். பலகை விழுந்தது. காற்று வரவில்லை. எப்படி வரும்? எதிரே அவர்கள் ஜன்னல் இழுத்துச் சாத்தியிருந்தது. கடல் காற்று அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து, அந்த ஜன்னல் வழியாகத்தான் எங்களுக்கு வர வேண்டும்.

கேட்டே ஆக வேண்டிய நிலை. கேட்டேன். "உங்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்தா..."

"அது தொறக்காது சார்," என்றார் லாரன்ஸ். "பீரோ நிக்கிது அங்க."

"ஜன்னலை மறைச்சு எதுக்கு பீரோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க அனலுக்குத்தான்," என்றாள் பிலோமினா. "ஜன்னல் கதவு மட்டும் பத்தல, பீரோவும் வேண்டிகீது. அப்பயும் இவுரு பொரண்டுகினுதான் கெடப்பாரு. நீங்க காலையில லைப்ரரி போவீங்க பாருங்க, அப்ப அக்கா மிஷின நிறுத்திடுவாங்க. அந்த நேரந்தான் இவுரு கண்ணு மூடுவாரு. உங்க செருப்பு சத்தம் கேட்டா திரும்ப ஓடும்."

நான் வனஜாவைப் பார்த்தேன். அவள் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக நான் லைப்ரரியிலிருந்து திரும்பும்போது, ஹால் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது, மிஷின் சரியில்லையோ என்று பாஷாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறேன். இவள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டியிருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதான் லாரன்ஸ்," என்றேன். "அந்த மிஷின் திரும்பி வந்தா இந்த ஜன்னலுக்குப் போகாது."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று இரும்பு தரையில் இழுபடும் சத்தம். இரவெல்லாம் கிரேன் ஓட்டிவிட்டு வந்த மனிதர் பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தார். கீல் துருப்பிடித்திருந்ததால் குத்தித்தான் ஜன்னலைத் திறந்தார்.

உச்சி வெயில் தாண்டியதும் கடல் காற்று ஏறியது. கடல் காற்று, நிலக் காற்று என்று படம் போட்டுப் பாகம் குறித்துப் பையன்களை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். அது எங்கள் ஹாலுக்குள் வந்து இரண்டு வருஷம் ஆயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன் வாசனையோடுதான் வந்தது. பிலோமினாவின் தீய்ந்துபோன குழம்பு வாசனையும் சேர்ந்து வந்தது. வாசல் கதவைத் திறந்து வைத்தேன், குறுக்கே ஓடியது. வனஜாவின் நெற்றி காய்ந்தது. நான் துண்டைக் கீழே வைத்தேன்.

ஐஸ்? அதை ஒருவரும் தொடவில்லை. மோருக்குக்கூடக் கேட்கவில்லை. சந்தில் வைத்து உருக விட்டோம். வனஜா உயிரோடு இருக்கிறாள் என்று வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் மாலையோடு வந்துவிட்டார். அவரை என்ன சொல்லி அனுப்புவது?

நேற்று டாக்டர் கண்ணைப் பார்த்தார். நன்றாக ஆறி வருகிறது, பயமில்லை என்றார். இன்று காலை பாஷா மிஷினோடு வந்துவிட்டார்.

"எங்க சார் மாட்றது? அதே ஜன்னல்தான?"

"இல்லப்பா. தெருப்பக்கச் சுவரை உடைச்சு மாட்டணும். மழை வரட்டும், கொத்தனாரைக் கூப்பிடலாம்."

"மழ வந்தா ஏசி எதுக்கு சார்?"

மிஷின் இப்போது ஹால் மூலையில் பழைய போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதை எழுதும்போது பகல் பன்னிரண்டு. எதிர் ஜன்னலிலிருந்து லாரன்ஸின் குறட்டை எங்கள் ஹாலுக்குள் கேட்கிறது. டி.வி.யைக் குறைக்கச் சொல்லி வனஜா கையைக் காட்டுகிறாள். குறைத்துவிட்டேன்.

இரண்டு வருஷத் தூக்கம் அல்லவா... கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.