ஷமீமாவும் வராத பிஎஸ் சிக்ஸும்

பிஎஸ் சிக்ஸ் என்கிற வீடியோ கேம் மெஷின் எப்போது வெளிவரும் என்று எங்கள் அறந்தாங்கியில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் ஷமீமாவைத்தான் கேட்பார்கள். அதைச் செய்கிற கம்பெனிக்காரனே இன்னும் தேதி சொல்லவில்லை, அது கிடக்கட்டும். உள்ளே என்ன சிப்பு இருக்கும், டிஸ்க் போடுகிற டிரைவ் கூடவே வருமா, தனியாக வாங்கி மாட்ட வேண்டுமா, கையில் வைத்து விளையாடுகிற சின்ன மெஷின் ஒன்றும் சேர்ந்து வருமா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். இத்தனைக்கும் அவளுக்கு விளையாடத் தெரியாது. கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடிப்பாள்.

அவளுடைய கேம் சென்டருக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. சேலை ஃபால்ஸ், லைனிங், பட்டன், ஊக்கு, நூல்கண்டு விற்கிறேன். என் பெயர் அன்புச்செல்வி. அன்பெல்லாம் பெயரோடு சரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அன்பு வரும்? ஒரு தடவை உலகக் கோப்பையோ என்னவோ, உள்ளே கோல் போட்டுக் குதித்த குதியில் என் கடையில் நூல்கண்டு அடுக்கு சரிந்து ரோட்டுக்கு உருண்டது. போய்ச் சண்டை போட்டேன். ஷமீமா உள்ளே இருந்த அத்தனை பேரையும் எழுப்பிக் கொண்டுவந்து நூல்கண்டு பொறுக்க வைத்தாள். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகம்.

அவள் புருஷன் அப்துல் நாசர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஒரு லீவுக்கு வந்தபோது பழைய பிளேஸ்டேஷன் ஒன்றைக் கொண்டுவந்து, “சும்மா ஒக்காந்திருக்காம இத வச்சு ஒரு கடை போடு” என்று அவளுக்கு வைத்துக் கொடுத்தார். அது பிஎஸ் ஃபோர். பிறகு ஒரு லீவில் பிஎஸ் ஃபைவ் வந்தது. அந்த லீவு முடிந்து கிளம்பும்போது திருச்சி ஏர்போர்ட் வாசலில் ஷமீமா வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டாள்: “ஒரேடியா எப்ப மச்சான் வருவீங்க?”

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது கேட்கக் கூடாத கேள்வி. இங்கே தெருவுக்குப் பாதி வீட்டில் ஆம்பளை அக்கரையில்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்பார்கள், சம்பளம் போட்டாச்சா என்று கேட்பார்கள். ஒரேடியாக எப்போது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அந்த மனுஷன் அங்கே நிம்மதியாகப் படுக்கமாட்டான். நாசர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தள்ளிக்கொண்டு, “அடுத்த மெஷின் வரட்டும். பிஎஸ் சிக்ஸத் தூக்கிக்கிட்டு ஒரேடியா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு புருஷனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கடைக்கு வருகிறவர்களைத்தான் கேட்டாள்: “தம்பி, பிஎஸ் சிக்ஸ் எப்ப வருதாம்?”

நாங்கள் எல்லோரும் அவளை வியாபாரத்தில் கெட்டிக்காரி என்று நினைத்தோம். நான்கூட என் வீட்டுக்காரரிடம், “பாத்தீங்களா, அடுத்த மெஷினுக்கு இப்பயே ரெடியாகுறா. நீங்களும் இருக்கீங்களே” என்று குத்திக் காட்டினேன். உண்மை தெரியாமல் பேசிய பேச்சு.

கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் வெற்றிசெல்வன், இன்வெர்ட்டர் பேட்டரி கடையில் வேலை. வதந்தி வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பான். யாரோ ஒருத்தன் எங்கேயோ ஒரு சிப்பின் பெயரை உளறினான் என்றால் வெற்றி இங்கே அதற்கு ஃபேன் எத்தனை, சூடு எவ்வளவு, கரண்டு எவ்வளவு இழுக்கும், நம் ஊர் இன்வெர்ட்டர் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிடுவான். இன்னொருத்தி பிளெஸ்ஸி, ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற லேபில் இருக்கிறாள். டியூட்டி முடிந்ததும் நேராக வந்து ஃபுட்பால் ஆடுவாள். வெற்றியைத் தோற்கடிப்பதில் அவளுக்குத் தனி ருசி. எதையும் ரிப்போர்ட் பார்க்காமல் நம்பமாட்டாள்.

ஷமீமாவுக்கு வெற்றியைத்தான் பிடித்தது. நல்ல செய்தி கொண்டுவருகிறவனை யாருக்குப் பிடிக்காது? ஒருநாள் அவன், “அக்கா, ரெண்டாயிரத்து இருபத்தேழு கடைசியில வந்துருமாம். சிப்பு வேலையெல்லாம் பாதிக்கு மேல முடிஞ்சிருச்சுன்னு ஒருத்தன் சொல்றான்” என்றான். ஷமீமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “இந்தா தம்பி, அரை மணி நேரம் சும்மா ஆடிக்க” என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. இந்தச் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. நல்ல வதந்திக்கு அரை மணி நேரம் இலவசம் என்று தெரிந்தால் விடுவார்களா? ஆளாளுக்கு ஒரு செய்தியோடு வந்தார்கள். சிப்பு ரெடி என்றான் ஒருத்தன். டப்பாவே ரெடி, ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பாக்கி என்றான் அடுத்தவன். மாமா மகன் துபாயில் குடோனில் இருக்கிறான், அவனே கண்ணால் பார்த்தான் என்றான் மூன்றாவது ஆள். பிஎஸ் சிக்ஸ் இருபத்தேழிலிருந்து நகர்ந்து நகர்ந்து இந்தத் தீபாவளிக்கே வந்துவிட்டது. ஷமீமாவும் எல்லாவற்றையும் நம்பி அரை அரை மணியாக அள்ளி விட்டாள். ஒரு வாரம் அந்தக் கடையில் காசு கொடுத்து விளையாடியது பிளெஸ்ஸி ஒருத்திதான்.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஷமீமாக்கா, ஒங்க காதுல நல்லாப் பூ சுத்துறாங்க. அரை மணி ஓசின்னா நான்கூட நாளைக்கே வருதுன்னு சொல்லுவேன். இதப் பாருங்க” என்று போனை நீட்டினாள். மெஷினுக்குள் போடுகிற மெமரி சிப்பு விலை தாறுமாறாக ஏறிவிட்டதாம். ஏஐ கம்பெனிகள் உள்ளதையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போவதால் கேம் மெஷினுக்குக் கிடைக்காமல் போகலாமாம். இருபத்தெட்டு ஆகலாம், இருபத்தொன்பதுகூட ஆகலாம் என்று பேசிக்கொள்கிறார்களாம். “இதுவும் பேச்சுதான்க்கா, யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா இதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கு” என்றாள்.

“இருபத்தொம்பதா?” என்றாள் ஷமீமா.

மறுநாள் கடை திறக்கவில்லை. என் கடையில் நான் பேசுவது எனக்கே கேட்டது. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டினேன், அது இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் ஷட்டரை இழுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீருக்கு வெங்காயம்தான் காரணம் என்றாள்.

“ஏய், எங்கிட்டயேவா? ஒரு மெஷின் லேட்டானா இப்பிடியா இடிஞ்சு போய் ஒக்காருவ?” என்று சத்தம் போட்டேன்.

அப்போதுதான் ஏர்போர்ட் கதையைச் சொன்னாள். “மெஷின் எனக்கெதுக்குக்கா? அவங்க அது கூட வாரேன்னுதான சொல்லிட்டுப் போனாங்க. அவங்ககிட்ட இன்னொரு தடவ கேக்க எனக்கு வாய் வரல. அதான் ஊரெல்லாம் கேட்டேன்.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அழுகையை விட்டுவிட்டுக் கோபத்தைப் பிடித்துக்கொண்டேன். “யாரோ ஒருத்தன் மெமரி கெடைக்காம முழிச்சா அதுக்கு நீ ஏன்டி புருஷன் இல்லாம இருக்கணும்? போடு போன! நீ கேக்குறியா, நான் கேக்கட்டுமா?”

நான் கேட்டால் எப்படிக் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். பயந்துபோய் அவளே ஸ்பீக்கரில் போட்டாள்.

“மச்சான், சாப்பிட்டீங்களா?” என்று ஆரம்பித்தாள். நான் முறைத்தேன். “பிஎஸ் சிக்ஸு தள்ளிப் போகுதாம் மச்சான். இருபத்தொம்பதுங்குறாங்க. அது தள்ளிப் போனா நீங்களும் தள்ளித்தான் போவீங்களா?”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நாசர் ஏர்போர்ட்டில் சொன்னதை மறந்தே போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். “நீ அதையா நெனச்சுக்கிட்டிருக்க?” என்றார். பிறகு, “சரி, பாப்போம்” என்று வைத்துவிட்டார்.

பாப்போம்! வளைகுடாவில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பேசிவைத்த வார்த்தை அது. ஷமீமா மறுநாள் கடையைத் திறந்தாள். ஓசி ஆட்டத்தை நிறுத்தவில்லை, ஆனால் செய்தி எதையும் காதில் வாங்கவில்லை. ரிலீஸ் தேதி அவள் வாயில் வரவே இல்லை. வெற்றி வந்து, “அக்கா, புதுசா ஒண்ணு” என்றால், “ஆடு தம்பி” என்பாள், அவ்வளவுதான். எனக்குத்தான் நாசரை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

வருஷப் பிறப்பு கழிந்து நாசர் லீவுக்கு வருகிறார் என்று தெரிந்தது. வழக்கமான லீவு என்றுதான் ஷமீமா சொன்னாள். அவர் சொன்னது அவ்வளவுதான்.

வந்த அன்று சாயங்காலம் பெட்டி பிரித்தார்கள். எங்கள் ஊரில் அது ஒரு விசேஷம் மாதிரி. நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் டேப் சுற்றி, மார்க்கரில் பேர் எழுதிய அட்டைப்பெட்டியை நடுவீட்டில் வைப்பார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் சுற்றி உட்காரும். யாருக்கு சென்ட், யாருக்கு சோப்பு, யாருக்குத் தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நானும் போனேன். பிளெஸ்ஸியும் வெற்றியும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டு பெட்டி. சின்னதில் எல்லோருக்கும் உள்ளது இருந்தது. பெரிய பெட்டி தனியாக, கயிறு பிரிக்காமல் மூலையில் இருந்தது.

வெற்றிக்குக் கண் அதன் மேலேயே. போய் லேசாக ஆட்டிப் பார்த்தான். “உள்ள இரும்பு மாதிரி கனமா ஒண்ணு இருக்கு. சுத்தி மெத்து மெத்துன்னு ஏதோ வச்சுப் பேக் பண்ணியிருக்கு. அங்கிட்டு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சில பேர் கைக்கு சாம்பிள் மெஷின் வந்துரும்னு சொன்னேன்ல?” என்றான் ரகசியமாக.

“தரையில வை. வெளிய வராத மெஷினு ஒனக்காகப் பெட்டிக்குள்ள வந்து ஒக்காந்திருக்காக்கும்” என்றாள் பிளெஸ்ஸி. ஆனால் அவளும் கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரே அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. சைஸ் சரியாக இருக்கிறது என்றார் ஒருவர். நாசர் கத்திரிக்கோலை எடுத்து ஷமீமா கையில் கொடுத்தார். “நீயே பிரி.”

கயிற்றை வெட்டினாள். மேலே ஒரு தலையணை இருந்தது. புதுசு இல்லை, உறை நடுவில் பழுப்பேறிய தலையணை. அதற்குக் கீழே ஒரு போர்வை, அதுவும் பழசு. போர்வைக்குள் சுற்றி வைத்திருந்த கனமான சாமானை வெளியே எடுத்தாள். ரைஸ் குக்கர். மூடியில் ஒரு நசுங்கல், அடிப்பாகம் கருகிப்போனது.

“இதுல டிஸ்க் எங்க போடுறது?” என்றான் வெற்றி. பாவம், அவன் முகம் தொங்கிவிட்டது.

அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்தது. லீவுக்கு வருகிறவன் ஊருக்கெல்லாம் சாமான் கொண்டுவருவான், தன் சாமானைக் கொண்டுவரமாட்டான். அவன் தலையணையும் போர்வையும் சோறு பொங்குகிற குக்கரும் அங்கே ரூமிலேயே அவனுக்காகக் காத்திருக்கும். அதை எல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறான் என்றால் அந்த ரூமில் அவனுக்கு இனி வேலை இல்லை, திரும்பிப் போகப் போவதும் இல்லை.

ஷமீமா குக்கரை மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தத் தடவை பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை. நாசர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்து, “ஏசி இங்கிட்டும்தான் ரிப்பேராகுது, இல்லீங்களாக்கா?” என்றார். “ஆகாம என்ன, எங்க வீட்டு ஏசிய நாளைக்கே வந்து பாருங்க” என்றேன். எங்கள் வீட்டு ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த நேரத்துக்கு வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் என் கடைச் சுவர் பழையபடி அதிர்ந்தது. கேம் சென்டர் வாசலில் நாசர் ஸ்டூல் போட்டு ஏறி அங்கிருந்த ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெற்றி மூச்சிரைக்க ஓடி வந்தான். “அக்கா, சூடான செய்தி! மெமரி பிரச்சன சரியாகிருச்சாம். அடுத்த வருஷமே வந்துரும்னு இப்பத்தான் ஒருத்தன் சொன்னான். பக்கா!”

ஷமீமா ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது எப்ப வேணா வரட்டும் தம்பி, அவசரமே இல்ல” என்றாள். “நீ காசக் குடுத்துட்டு ஆடு.”