அக்கா கடைக்கு எழுதிய மென்பொருள்

வெப்சைட் கட்டுகிறவர்கள் மத்தியில் அவனுக்குச் 'சொந்தக்கை' என்று பட்டப்பெயர். அடுத்தவன் எழுதிய புரோகிராமைத் தொடமாட்டான். கடைக்காரர்கள் தாங்களே உள்ளே போய் எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள்கள், சிஎம்எஸ் என்பார்களே, அவை இலவசமாகவே கொட்டிக் கிடந்தன. அந்தப் பேச்சை எடுத்தாலே போதும், "அதெல்லாம் ரெடிமேட் சட்டைங்க. தோள் சரியா இருந்தா கை நீளமா இருக்கும்" என்று மூக்கைச் சுளிப்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

அவனுடைய அக்கா காது மிஷின் கடை வைத்திருந்தாள். விற்பதும் அவளே, பழுது பார்ப்பதும் அவளே. கழுத்து வளைந்த விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, குறும்பி அடைத்த குழாய்களை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்வாள். அவளிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் போனில் பேசினால் கேட்காது. மிஷின் நின்றுபோனால், நின்றுபோய்விட்டது என்று போனில் சொல்லக்கூட வழியில்லை. அவர்களுக்கு வெப்சைட்தான் எல்லாம்.

"நானே மாத்திக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுடா" என்றாள் அக்கா. "பக்கத்துப் பழக்கடைக்காரம்மா அப்படித்தான் வெச்சிருக்காங்க. தினமும் அவங்களே மாத்திக்கிறாங்க."

"நீ எதுக்குக்கா மாத்தணும்? நான் எதுக்கு இருக்கேன்? ஒரு போன் போடு, மாத்திடறேன்."

"நீ வேலையா இருந்தா?"

"உனக்கில்லாத நேரமாக்கா!"

ஆசையாகத்தான் எழுதினான். வெளியிலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. உள்ளே போனால் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக ஒரே காடு. ஒருமுறை அக்கா துணிந்து கைவைத்தாள். முழுப் பக்கமும் வெள்ளையாகிவிட்டது. பயந்துபோய்ப் போன் செய்தவளிடம், "நான்தான் சொன்னேனே" என்று சிரித்தான். அதன் பிறகு அவள் தொடவில்லை. கடையின் குடுமி அவன் கைக்கு வந்தது.

ஆனால் அந்தப் போன்கள் அவனுக்குப் பிடித்திருந்தன. "புது பேட்டரி வந்திருக்குன்னு போடுடா" என்று ஆரம்பிப்பாள். அம்மாவின் முழங்கால் வலி, மகளின் மார்க்கு, தொலைந்துபோன குடை என்று பேச்சு ஊர் சுற்றி வரும். வேலை இரண்டு நிமிஷம், பேச்சு அரைமணி. அந்தப் பேச்சுக்காகத்தான் அப்படி ஒரு காட்டை எழுதி வைத்தோமோ என்று பின்னாளில் அவனுக்கே சந்தேகம் வந்தது.

பிறகு பெரிய கம்பெனி வேலைகள் வந்தன. தலைக்கு மேல் வேலை. அக்கா கூப்பிட்டால், "நாளைக்குப் பண்றேன்க்கா" என்பான். அந்த நாளைதான் வரவே வராதே.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும், பஸ் நிலையத்துக்குப் பின்னால் புது இடம் பார்த்தாள் அக்கா. "அட்ரஸை மாத்திடுடா, மறந்துடாதே" என்றாள். மறந்தான். மறுபடி கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருந்தவன் போனை வெட்டிவிட்டான். 'நேரம் கிடைக்கும்போது செய்டா' என்று மெசேஜ் அனுப்பினாள். பழைய கதவில் புது முகவரி எழுதித் தொங்கவிட்டிருந்தாள். இடித்தவர்கள் கதவோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அக்காவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மிஷின் நின்றுபோனது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனார். கடை இருந்த இடத்தில் தகர வேலிதான் இருந்தது. அங்கே நின்றவர்களிடம் விசாரித்தார். அவர்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்கக் காது வேண்டாம், கண்ணே போதும். வீட்டுக்குத் திரும்பியவர் மிஷினைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

எப்படியோ விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்த அவருடைய மகள் சொல்லித்தான் அக்காவுக்கே தெரிந்தது. புது மிஷினோடு அவர் வீட்டுக்கே போனாள். வாத்தியார் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மிஷினுக்கு மட்டும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். எவ்வளவு எழுதிக் காட்டியும் மசியவில்லை.

"உன் வெப்சைட்டைப் பாத்துதாண்டா போயிருக்கார்" என்றாள் அக்கா போனில். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

போனை வைத்ததும் முகவரியை மாற்றினான். இரண்டு நிமிஷ வேலைதான். வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணை.

அந்த வார லீவு நாளிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதுக் கடைக்குப் போனான். வறட்டுக் கௌரவத்தை விழுங்கிவிட்டு, "அக்கா, அந்த ரெடிமேடையே போட்டுடலாம். நீயே மாத்திக்கலாம்" என்றான்.

"போட்டாச்சுடா. பழக்கடைக்காரம்மாவோட மக வந்து போட்டுக் குடுத்தா. ரொம்ப சுலபமா இருக்கு." திரையைத் திருப்பிக் காட்டினாள். முகப்பில் பெரிய எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'காது கேட்காவிட்டால் இங்கே எழுதுங்கள். நானே பதில் எழுதுகிறேன்.' இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரி அவனுக்குத் தோன்றவேயில்லை.

"நான் செஞ்சிருப்பேனேக்கா."

"உனக்கு எதுக்குடா சிரமம்? தலைக்கு மேல வேலை வெச்சிருக்கே" என்றாள். குத்தலே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் புது வாடிக்கையாளர் வந்தால் முதலில், "தினமும் உள்ள போய் எழுதப்போறது யாருங்க?" என்றுதான் கேட்கிறான். அவர்கள் கைக்கு எது வருமோ, அதைப் போட்டுக் கொடுக்கிறான். அக்காவிடமிருந்துதான் போன் வருவதில்லை.

போன வாரம் சும்மா அவள் பக்கத்தைத் திறந்தான். 'மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்க்கப் போவதால் வியாழன், வெள்ளி கடை விடுமுறை' என்றிருந்தது. இவன் தோளில் தூக்கித் திரிந்த பெண். எந்த ஊர், என்ன படிப்பு என்று ஒன்றும் தெரியாது. உடனே போன் செய்தான்.

"என்னக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ஐயோ, ஆமாடா" என்றாள் அக்கா. உண்மையாகவே மறந்திருந்தது குரலில் தெரிந்தது. "ஆனா வெப்சைட்ல போட்டிருந்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன்க்கா" என்றான்.