நீட்டக் கூடாத கால்

எனக்கு நரம்பு சுருட்டிக்கொண்டது பள்ளிக்கூடத்தில். அது புண்ணானது என் வீட்டில். சொல்ல எனக்கென்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

கொல்லிமலைக்கு ஆசிரியையாக வந்து ஒன்பது வருடம். வாசலூர்பட்டிப் பக்கம் வாடகை வீடு. நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நிற்பேன். சனிக்கிழமை கீழே இறங்கினால் அத்தனை வளைவுக்கும் பஸ்ஸிலும் நிற்பேன். கெண்டைக்காலில் மண்புழு மாதிரி பச்சையாக நெளிந்தபோது, சேலைதான் மறைக்கிறதே என்று விட்டுவிட்டேன். கணுக்கால் கறுத்து அரிக்க ஆரம்பித்த பிறகுதான் நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். புத்தி அவ்வளவுதான்.

"ஒரே எடத்துல நிக்காதீங்க டீச்சர், நடந்துக்கிட்டே பாடம் எடுங்க. நின்னே ஆகணும்னா குதிகாலைத் தூக்கித் தூக்கி எறக்குங்க. காலையில தரையில கால் வைக்கறதுக்கு முன்னாடியே இந்த இறுக்கமான சாக்ஸை மாட்டிக்கோங்க. சாயங்காலம் படுத்து, காலை நெஞ்சுக்கு மேல உயர்த்தி வைங்க. புண்ணாயிட்டா லேசுல ஆறாது" என்றார்.

எல்லாம் செய்தேன். நான் குதிகாலைத் தூக்கினால் வகுப்பே எழுந்து தூக்கியது. கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் மாமனார் எங்களோடு இருந்தார். இருக்கும் ஒரே அறை அவருக்கு, எங்களுக்குக் கூடம். அங்கே பாய் விரித்து, தலையணைமேல் காலை வைத்த ஐந்தாவது நிமிடம் அவர் கனைப்பார். நான் வெடுக்கென்று காலை மடக்கி எழுந்துவிடுவேன். ஒருநாள் கனைப்போடு அவர் நிறுத்தவில்லை.

"ஏனம்மிணி, பெரியவங்க நடமாடற ஊட்டுல பொம்பளை இப்படிக் காலைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் படுக்கறதா?"

கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து, "அப்பா பழைய ஆளு. கொஞ்சம் அனுசரிச்சுக்கோ" என்றார். நான் அனுசரித்தேன். என் கால் அனுசரிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு புண் வந்தது. இன்றுவரை ஆறவில்லை.

இந்த வருடம் மாமனாருக்கும் கால் வீங்கியது. வயதெல்லாம் டீக்கடையில் நின்று டீ ஆற்றியவர், வராமல் என்ன செய்யும்? அதே டாக்டரம்மா, அதே வார்த்தைகள். திரும்பி வந்த அன்றே கணவர் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டு, கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, மூன்று புதுத் தலையணை வாங்கி வந்தார். சமையலறையை விட்டு வெளியே வந்தால் மாமனாருடைய இரண்டு உள்ளங்காலும் என்னைப் பார்த்துத்தான் நீட்டியிருக்கும். விடிந்ததும் அந்தக் காலுக்கு சாக்ஸ் மாட்டிவிடுவது என் வேலை.

"டாக்டரு சொன்னா கேட்டுக்கோணும் அம்மிணி. ஒடம்பு முக்கியமல்ல?" என்றார் என்னிடமே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, சுத்தப் பொய். தனக்கு வந்தால் தன்னுடையதுதான் தெரிகிறது.

போன வாரம் பள்ளி விட்டு வந்தபோது புண்ணில் போட்ட கட்டு நனைந்து செருப்பு வரைக்கும் ஊறியிருந்தது. டீ போட உள்ளே போகவில்லை. கட்டிலருகே பாயை விரித்தேன். மாமனார் காலடியிலிருந்து ஒரு தலையணையை உருவினேன். சுவரோரம் போட்டு, படுத்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்தேன்.

அவர் கனைத்தார். கணவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். மாமனார் இன்னொரு தடவை, பலமாகக் கனைத்தார்.

"தண்ணி வேணுங்களா மாமா?" என்றேன், படுத்தபடியே. "சொம்பு உங்க தலைமாட்டுலதான் இருக்குதுங்க. எடுத்துக்குங்க. என்னைய எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க."